உடும்பிடம் உரிமம் வாங்கவில்லை!

'இது லைசென்ஸ் வாங்கின கேம்' என்று சொல்லி விலையைக் கூட்டுகிறார் கடைக்காரர். கேமுக்கு எதற்கு லைசென்ஸ்?
*– ரோச்சோர் கடைவாசலில் முழித்தவர்*

ஓட்டுவதற்கு அல்ல, பேர் சொல்வதற்கு! சிவப்பு காரை யாரும் வரையலாம். அதை 'ஃபெராரி' என்று அழைக்க, ஓட்டுகிறவருக்கு 'ஹாமில்டன்' என்று பெயர் வைக்க, அணிச் சின்னத்தை ஒட்ட அனுமதி வேண்டும்; அனுமதிக்குக் காசு வேண்டும். ஃபார்முலா ஒன் உரிமத்தை 2008-ல் வாங்கியது பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ். 2010-ல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, கணினி மூன்றுக்கும் கேம் வந்தது. 2021-ல் அந்த நிறுவனத்தையே சுமார் 120 கோடி அமெரிக்க டாலருக்கு இன்னொரு கேம் நிறுவனமான இஏ வாங்கிவிட்டது. உரிமம் இல்லாத கேம் எப்படி இருக்கும்? கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பதில் 'ஒரு பையன்' என்று அச்சடித்த மாதிரி.

மற்ற தடங்களில் நன்றாக ஓட்டுகிறேன். சொந்த ஊர் மரினா பேயில் மட்டும் சுவரில் முட்டுகிறேனே?
*– தெம்பனிஸ் இளைஞர்*

தினம் நடக்கிற தெரு என்ற தைரியம்தான் முட்ட வைக்கிறது! 2008-ல் முதல் பந்தயம் தொடங்கி 2023 வரை, விபத்து நடந்தால் வேகத்தைக் கட்டுப்படுத்த வரும் பாதுகாப்பு கார் வெளியே வராத சிங்கப்பூர் பந்தயமே கிடையாது. 2024-ல்தான் அதற்கு முதல் ஓய்வு. சுமார் 4.9 கிலோமீட்டர், 19 திருப்பம், 62 சுற்று. தப்புக்கு இடம் கொடுக்காத சுவர்கள்.

ஆண்டர்சன் பாலத்தையே பாருங்கள். 1910-ல் கட்டியது. காற்று வாங்க நடக்கும்போது தாராளமாகத் தெரியும். கேமில் 12-ஆம் திருப்பத்தில் நுழைந்ததுமே இரும்பு வளைவுகள் இரு பக்கமும் நெருக்கிக்கொண்டு வரும். பாலம் முடிந்த கையோடு 13-ஆம் திருப்பம், இடப்பக்கம் கொண்டை ஊசி. பாலத்தின் மேல் காரை நேராக்கி, வலப்பக்கச் சுவரை ஒட்டி வந்து, பிரேக்கைச் சீக்கிரமே அழுத்துங்கள். தாமதித்தால் ஃபுல்லர்ட்டன் ஹோட்டலில் அறை போட வேண்டியதுதான்.

2016 பயிற்சி ஓட்டத்தில் தடத்தைக் கடந்த உடும்பு கேமில் வருமா?
*– இயற்கை ஆர்வலர், புக்கிட் தீமா*

வராது. அணிகளிடம், ஓட்டுநர்களிடம் எல்லாம் உரிமம் வாங்கியவர்கள் உடும்பிடம் வாங்கவில்லை! அன்று அதைப் பார்த்து வானொலியில் வியந்தவர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன். ஆனாலும் இந்தத் தடத்தில் டயருக்கு வேண்டியது என்னவோ உடும்புப் பிடிதான்.

கேமில் நம்மாள் யாராவது உண்டா?
*– கோவைக்காரர், சிராங்கூன் சாலை*

உங்கள் ஊர்க்காரரை வைத்துக்கொண்டே கேட்கிறீர்களே! 2011, 2012 பதிப்புகளில் எச்ஆர்டி அணியில் நரேன் கார்த்திகேயன் இருக்கிறார். 2010 பதிப்பில் அதே அணியில் சென்னையின் கருண் சந்தோக். அந்த கேம் செப்டம்பரில் கடைக்கு வந்தபோது நிஜத்தில் கருணின் இருக்கை பறிபோயிருந்தது. ஃபார்முலா ஒன் காரில் அவர் சிங்கப்பூர் பந்தயம் ஓட்டியதே இல்லை. கேமில் மட்டும் இன்றைக்கும் மரினா பே விளக்கொளியில் ஓட்டுகிறார்.

நரேனுக்கு நேர்மாறு. 2012-ல் நிஜமாகவே இங்கே ஓட்டினார், சுவரில் மோதினார், பாதுகாப்பு கார் வந்தது. கேமில் மோதினால் 'ஃப்ளாஷ்பேக்' பொத்தானை அழுத்திச் சில விநாடி பின்னால் போய்த் திருத்திக்கொள்ளலாம். நம் சினிமாவில் ஃப்ளாஷ்பேக் வந்தால் அரை மணி நேரம் போகும். இங்கே அரைச் சுற்றுகூடப் போகாது.

மகன் ஸ்டீயரிங், பெடல் எல்லாம் கேட்கிறான். நானூறு வெள்ளிக்கு மேல் சொல்கிறார்கள். வாங்கலாமா?
*– ஈசூன் தகப்பனார்*

2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 1,50,001 வெள்ளிக்குப் போனது. அது காரின் விலை அல்ல, பத்து வருஷம் கார் வைத்திருக்க உரிமம் மட்டும்! அதோடு ஒப்பிட்டால் மகன் சிக்கனக்காரன். ஆனாலும் முதலில் கையடக்கக் கட்டுப்பாட்டுக் கருவியிலேயே ஓட்டட்டும். எல்லா உதவி வசதிகளையும் அணைத்துவிட்டு ஒரு பந்தயம் முழுசாக முடித்தால் அப்புறம் வாங்குங்கள். வாங்கும் முன் வீட்டு மேசையை ஆட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் கையை எதிர்த்து இழுக்கும். இளைத்த மேசை கூடவே வரும்.

சோபாவில் உட்கார்ந்து ஓட்டுவதெல்லாம் ஒரு விளையாட்டா?
*– பழைய பந்துவீச்சாளர், ஃபேரர் பார்க்*

அனைத்துலக ஒலிம்பிக் குழுவே ஆமாம் என்கிறது. 2023 ஜூன் 22 முதல் 25 வரை ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரம் நடந்தது நம் சன்டெக் மண்டபத்தில். களமிறங்கியவற்றில் கிரான் டூரிஸ்மோவும் ஒன்று. வேடிக்கை என்ன தெரியுமா? மண்டபத்தை ஒட்டிய ராஃபிள்ஸ் புலவார்டு, நிஜப் பந்தயத் தடத்தின் ஒரு பகுதி. உங்கள் சந்தேகத்திலும் நியாயம் உண்டு: இங்கே நிஜ ஓட்டுநர் ஒரே இரவில் இரண்டு மூன்று கிலோ வியர்வையாக இழப்பார். சோபா ஓட்டுநர் முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்தால் கணக்கு வேறு பக்கம் போகும்.

சாமானியன் அந்தத் தடத்தில் நிஜமாகவே போக முடியுமா?
*– அங் மோ கியோ வாசகி*

தாராளமாக. பந்தய நாட்கள் போக மற்ற நாளெல்லாம் தடத்தின் பெரும்பகுதி பொதுச்சாலைதானே? பேருந்து அட்டையைத் தட்டிவிட்டு ஏறுங்கள். வேகம் மட்டும் ஓட்டுநர் கையில்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ரேஸைக் காணோமே?
*– மீன் தலைக்கறி சாப்பிட வந்தவர், தேக்கா*

இருந்தது. 1843-லேயே ஃபேரர் பார்க் திடலில் குதிரைகள் ஓடின. 1933-ல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது, 1999-ல் கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5-ல் கடைசிக் குதிரையும் ஓடி முடித்தது. பெயர்ப் பலகை மட்டும் வாழை இலைக் கடைகளுக்கு நடுவே நிற்கிறது.

கேம் உலகத்தில் கதை தலைகீழ். பழைய எஃப்1 பதிப்புகள் பலவற்றை இன்று இணையக் கடையில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. பெயருக்கு வாங்கிய உரிமம் தீர்ந்தால் ஓடுகிற கேமே விற்பனையிலிருந்து இறங்கிவிடும். அங்கே பேர் போனால் பந்தயம் போச்சு. இங்கே பந்தயம் போய்த் தொண்ணூறு வருஷம் தாண்டியும் பேர் நிற்கிறது. குதிரைகள் உரிமத்தொகை கேட்கவில்லை, அவ்வளவுதான்!