கிடை ஆடும் கண்ணிமையும்: கேள்வி-பதில்

மன்னார்குடி விவசாயி: அறுப்பு முடிந்த வயலில் ராமநாதபுரத்து ஆட்டுக்கிடை இறங்கியிருக்கிறது. எருவுக்குத்தான் கூப்பிட்டேன். ஆட்டு ரத்தத்தைப் பற்றி எனக்கென்ன?

ரத்தசோகை பிடித்த ஆடு மேயாது. மேயாத ஆட்டுக்குப் புழுக்கை ஏது?

கும்பகோணம் மாணவி: செம்மறிக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்க வேண்டும்?

100 மி.லி. ரத்தத்தில் 9 முதல் 15 கிராம். சிவப்பணுவின் பங்கு 27 முதல் 45 சதவீதம். நம்முடையதைவிட அந்த அணு சிறிசு. எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆடு மட்டுமா, அதன் அணுவும் மந்தையாகத்தான் திரிகிறது!

பரமக்குடி கீதாரி (மந்தை மேய்ப்பவர்): வெயிலில் நடந்து வந்த ஆட்டுக்குச் சிவப்பணு கூடுதல் என்றார்கள். நல்லதுதானே?

முதலில் தண்ணீர் காட்டுங்கள். குழம்பு சுண்டினால் கெட்டியாகும். காய் கூடிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? துரத்திப் பிடித்து ரத்தம் எடுத்தாலும் கணக்குத் தப்பும். மிரண்ட ஆட்டின் மண்ணீரல், சேமித்த சிவப்பணுவை ரத்தத்தில் கொட்டிவிடும்.

திருவையாறு வாசகர்: நன்றாக மேய்ந்த ஆடு திடீரென்று சாய்கிறதே?

நான்காம் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கலாம். ஒரு புழு நாளுக்கு 0.05 மி.லி. குடிக்கும். அற்பம்தான், ஆனால் 1,000 புழு சேர்ந்தால் 50 மி.லி. 25 கிலோ ஆட்டின் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டர் சொச்சம். முப்பது நாளில் ஓர் ஆட்டு ரத்தம் புழுவின் வயிற்றில்! புதிது ஊறுவதால்தான் அதுவரை நிற்கிறது. தாடை வீங்கினால் ரத்தத்தில் புரதமும் வற்றிவிட்டது, அன்றைக்கே டாக்டர்.

டெல்டாவில் இன்னொரு திருடனும் உண்டு: ஈரலைத் தின்னும் தட்டைப்புழு. வாய்க்கால் நத்தையில் வளர்ந்து, கரையோரப் புல்லில் காத்திருக்கும்.

பாபநாசம் வாசகி: ஆய்வுக்கூடம் தூரம். வயலிலேயே கண்டுபிடிக்க வழி?

கீழிமையைத் திருப்புங்கள். உள்ளே நல்ல சிவப்பு என்றால் நிம்மதி; வெளுத்திருந்தால் ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ‘ஃபமாச்சா’ அட்டை இதையே ஐந்து நிறமாகப் பிரிக்கிறது. வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். மந்தை முழுக்க ஊற்றினால் புழு அந்த மருந்துக்குப் பழகி, அடுத்த வருஷம் பாயசம்போல் குடிக்கும்.

நீடாமங்கலம் வாசகர்: ஆட்டு ரத்தத்தை மனிதனுக்கு ஏற்றலாமா?

1667-ல் பாரிஸில் தெனி என்ற மருத்துவர், 15 வயதுப் பையனுக்கு ஆட்டுக்குட்டி ரத்தம் ஏற்றினார். பையன் பிழைத்தது அதிர்ஷ்டம். ஆட்டு ரத்தத்துக்கு வெங்காயம் வதக்கிய சட்டிதான் சரியான இடம்.

பட்டுக்கோட்டை வாசகர்: நாங்கள் செய்யக்கூடியது?

கிடைக்கூலி கொடுக்கும்போது கீதாரியோடு சேர்ந்து நாலு ஆட்டின் இமையைப் பாருங்கள். அவருக்கு ஊர் புதிது. வெளுத்திருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.