பாத்ரூம் வழியாக வந்த வெள்ளம்

கே: வாசலில் மணல் மூட்டை அடுக்கினோம். சாக்கடை பாத்ரூமில் பொங்கியது. எப்படி? (வாசகி, கன்சால்பேட்டை, வேலூர்)

ப: முன்வாசலுக்குக் காவல் போட்டீர்கள், வெள்ளத்துக்கு வேறு வாசல் இருந்தது. நிக்கல்சன் கால்வாய் நிரம்பிவிட்டால் அதில் விழவேண்டிய சாக்கடைக்குப் போக்கிடம் இல்லை. வந்த குழாயிலேயே திரும்பும். வீட்டில் எந்த வாய் தாழ்வோ அதில் பொங்கும். அது பெரும்பாலும் பாத்ரூம் தரைச் சல்லடைதான்.

வீட்டுக் குழாய் தெருவுக்குப் போகும் இடத்துச் சேம்பரில் 'நான்-ரிட்டர்ன் வால்வு' பொருத்தச் சொல்லுங்கள். உள்ளிருந்து வரும் நீர் தள்ளினால் அதன் கதவு திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். ஒரு கைப்பிடி முடியோ பிளாஸ்டிக் பையோ இடுக்கில் சிக்கினாலும் கதவு முழுசாக மூடாது. ஐப்பசி பிறக்கும் முன் மூடியைத் திறந்து கழுவிவிடுங்கள். இன்னொன்று: கதவு மூடியிருக்கும் நேரத்தில் மாடியில் ஒருவர் குளித்தால் அந்தத் தண்ணீர் கீழ்வீட்டில்தான் எழும். வெள்ளம் வடியும்வரை மாடிக்காரர்களும் குழாயைத் திறக்கக் கூடாது. வால்வு இல்லாதவர்கள் சல்லடையைக் கழற்றி, துணிப்பந்தை இறுக அடைத்து, மேலே மணல் மூட்டையை வையுங்கள். கக்கூஸ் கோப்பைக்கும் இதே வைத்தியம்.

கே: மழை விட்டதும் செப்டிக் டேங்கை லாரி வைத்து உறிஞ்சிவிடலாமா? (வாசகர், ஆம்பூர்)

ப: வேண்டாம். சுற்றி மண் ஊறியிருக்கும்போது காலி டேங்க் மிதந்து மேலே வரும், அல்லது சுவர் உள்வாங்கும். நிலத்தடி நீர் இறங்கட்டும். மொட்டை மாடிக் குழாயை டேங்கில் சேர்த்திருந்தால் உடனே பிரியுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 4,600 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது!

கே: லாரி வரத் தாமதமாகிறது. ஆள் ஒருவர் உள்ளே இறங்கத் தயார் என்கிறார். (வாசகர், பேரணாம்பட்டு)

ப: அவர் தயாராக இருக்கலாம், நீங்கள் சம்மதிக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அழுகிய முட்டை வாடை தெரியும். அதே வாயு டேங்கிலும் உண்டு. அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. 'நாற்றம் இல்லை, இறங்கலாம்' என்று நம்பித்தான் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். 14420-க்குப் போன் செய்யுங்கள்.

கே: சம்ப்பில் வெள்ளம் புகுந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் குடிக்கலாமா? (வாசகி, வாணியம்பாடி)

ப: கிருமிக்கு மருந்து அது, நம் மண்ணில் இறங்கிய தோல் கழிவுக்கு அல்ல. அந்தக் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்ததை உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பில் எழுதிவிட்டது. குரோமியத்தையும் உப்பையும் பிளீச்சிங் நீக்காது. காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் மட்டும்.

சம்ப்பை இறைத்து, தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரையுங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். கழுவும்போது பிளீச்சிங்கோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டும் ஒரே வாளியைப் பார்க்கவே கூடாது.

கே: பாலாற்றில் மணல்தானே கிடக்கிறது, இத்தனை பயம் எதற்கு? (வாசகர், மேல்விஷாரம்)

ப: 1903-இல் வாணியம்பாடியை அடித்துப்போனதும், 2021 நவம்பரில் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் ஓடியதும் இதே ஆறுதான்.

கே: மாடிக் குழாய் உடைந்து மண் சுவரோரம் கொட்டுகிறது. சுவர் ஊறிப்போயிற்று. மழை நின்றபின் கொத்தனாரைக் கூப்பிடலாமா? (வாசகி, குடியாத்தம்)

ப: கொத்தனார் பிறகு வரட்டும். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள், அவர்களில் 4 பேர் குழந்தைகள். இன்றிரவு அந்தச் சுவரை ஒட்டி யாரும் படுக்க வேண்டாம். பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ இப்போதே போய்விடுங்கள்.