ஓடும் ஸ்கூட்டியில் ஒற்றைக் கைக் கும்பிடு: ஓர் ஆய்வு

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் கடக்கும் ஸ்கூட்டிக்காரரில் இறங்கிக் கும்பிடுவோர் சிலர், ஓடியபடியே கும்பிடுவோர் பலர். பக்கத்திலுள்ள மந்திரிமனைக்கும் சங்கிலியன் தோப்புக்கும் ஆய்வாளர்கள் வாய்த்தார்கள். இந்தப் பலருக்கு ஒருவரும் வாய்க்கவில்லை. அக்குறை இத்துடன் நீங்குகிறது.

முதற் சிக்கல், எந்தக் கை என்பது. வலக்கை என்கிறது மரபு. இயந்திரவியலும் முதலில் அதற்கே தலையாட்டுகிறது. அக்சிலேற்றர் வலக்கைப் பிடியில் இருப்பதால், கையை எடுத்ததும் சுருள்வில் அதை மூடிவிடும், வேகம் தானே இறங்கும். கியர் இல்லாத வண்டியாதலால் எஞ்சினும் நின்றுவிடாது. இடக்கையைத் தூக்கினாலோ வண்டி அதே வேகத்தில் முருகனைத் தாண்டிப் போகும், மரியாதையும் இல்லை.

ஆனால் முன் பிறேக்கும் அதே வலக்கையில்தான் இருக்கிறது. பிறேக் போடும்போது பாரம் முன் சக்கரத்துக்கு மாறுவதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. கை நெற்றியில் இருக்கும் வரை பழைய வண்டிக்காரருக்கு மிச்சம் பின் பிறேக் மட்டும். புதிய ஸ்கூட்டிகள் சிலவற்றில் இடக்கைப் பிடியே இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். இதை வடிவமைத்தவர்கள் நல்லூருக்கு வந்து போனதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இன்னொன்று. பிறேக் தொடாமல் வேகம் குறைந்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. எரிந்தாலும் பின்னால் வருபவர் பார்க்கப் போவதில்லை, அவரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 10 மீற்றர். இரண்டு விநாடிப் பக்திக்கு 20 மீற்றர் வீதி. அதற்குள் ஓர் ஓட்டோ திரும்பலாம், ஒரு மாடு குறுக்கே வந்து நின்று யோசிக்கலாம்.

இவ்வழக்கம் எப்போது தோன்றியது? 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் என்பது ஒரு கருதுகோள். பெற்றோல் இல்லாத அந்நாட்களில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. சில துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அணைத்துவிட்டுக் கும்பிடப் போனால் திரும்பக் கிளப்ப இன்னும் சில துளி. ஆகவே ஓடியபடியே கும்பிட்டார்கள் என்பர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சொட்டுப் பெற்றோலும் தேவைப்படாத சைக்கிள்காரரும் அப்படித்தானே கும்பிடுகிறார்கள்! கருதுகோள் இங்கே விழுகிறது.

பராமரிப்புப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிறேக் பிடி கைப்பிடியைத் தொடுமளவுக்குத் தளர்ந்திருந்தால் கராஜுக்குப் போக வேண்டும். ரயரில் காற்றுக் குறைந்த வண்டி ஒற்றைக் கையில் ஆடும். நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு இன்றும் 1 ரூபாய். அந்த விலைக்குப் பிறேக் கட்டை எந்தக் கடையிலும் இல்லை. பலர் முன்னதையே தெரிவுசெய்வதன் பொருளாதாரம் இதுதான்.

களஆய்வுக்கு ஒரு தடை உண்டு. 25 நாள் மகோற்சவத்தின்போது கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனம் விடுவதில்லை. ஸ்கூட்டிகளெல்லாம் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களில் துண்டு கட்டி நிற்கும். அவற்றை ஓட்டி வந்தவர்கள் செருப்பில்லாமல் நடந்துபோய், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவார்கள்.