பரணில் கிடைத்த கிதார்

கேள்வி: பாட்டனார் விட்டுச்சென்ற அமெரிக்க மார்ட்டின் கிதார் ஒன்று பரணில் அகப்பட்டது. அதன் மதிப்பை அறிவது எப்படி?

பதில்: முதலில், அதைப் பளபளப்பாக்கும் உற்சாகத்தை அடக்கிக்கொள்ளும், ஏனெனில், நரைக்குச் சாயம் பூசினால் மனிதருக்கு மவுசு கூடினாலும் கூடலாம், பழங்கிதாருக்கோ மூல வர்ணப்பூச்சு போய்விட்டால் மதிப்பில் ஏறக்குறையப் பாதியும் கூடவே போய்விடும். பிறகு, ஒலித்துவாரத்தின் வழியே உள்ளே எட்டிப் பார்த்து, கழுத்து உடலோடு சேரும் மரக்கட்டையில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொண்டால், 1898 முதல் மார்ட்டின் கம்பெனியார் வரிசையாக இட்டுவரும் அந்த எண்ணே ஜாதகம்போல் பிறந்த ஆண்டைச் சொல்லிவிடும். வெடிப்பு, ஒட்டுவேலை, மாற்றிய பிரடை ஆகிய சகலத்தையும் ஒளிக்காமல் நிபுணரிடம் காட்டி, விற்பவர் ஆசையோடு கேட்கும் விலையை விடுத்து, அதே ரகம் மெய்யாகவே விலைபோன தொகையைப் பிரமாணமாகக் கொள்ளும். 1959-இல் செய்த மார்ட்டின் ஒன்று 2020-இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது வாஸ்தவமே. ஆயினும், அதை வாசித்தவர் புகழ்பெற்ற ராக் பாடகர் கர்ட் கோபேன் என்பதையும், உம்முடைய பாட்டனார் அவர் அல்லர் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.