ஓடுகிற வண்டியைப் பிரிக்காதே!

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களின் சிக்கனத்தை நாடு இன்னும் சரியாகப் பாராட்டவில்லை. டைமிங் பெல்ட்டை மாற்றச் சொன்னால், "ஓடுற வண்டியை எதுக்குப்பா பிரிக்கணும்?" என்று ஒரே கேள்வியில் மெக்கானிக்கை மடக்கிவிடுகிறார்கள். மிச்சப் பணத்தில் புது சீட் கவர் வந்துவிடும். முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகின்றன. அதற்கு மேல் என்ன பராமரிப்பு? இதே கொள்கையைப் பாலங்களுக்கும் லிஃப்டுகளுக்கும் நீட்டினால் கஜானா நிரம்பி வழியும்.

பெல்ட்டும் பண்பானது. முனகாது, எச்சரிக்கை விளக்கு போட்டுத் தொந்தரவு செய்யாது. ஒருநாள் புறவழிச்சாலையில் சட்டென்று அறுந்துவிடும். கேம்ஷாஃப்ட் நின்றுபோக, கிராங்க்ஷாஃப்ட் மட்டும் சுற்றும். திறந்தபடி நின்ற வால்வுகளை பிஸ்டன்கள் மேலேறி வந்து வளைக்கும். எல்லாம் கண் இமைப்பதற்குள். இவ்வளவு விரைவான சேவை வேறெங்கு கிடைக்கும்?

உரிமையாளர் கடைசிவரை கொள்கை மாறவில்லை. ஓடாத வண்டியைத்தான் பிரிக்கக் கொடுத்தார். ஹெட் வேலைக்கு வந்த நீண்ட பில்லில் முதல் வரி: புது டைமிங் பெல்ட்.

அதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது, டேஷ்போர்டுக்குள் உறை பிரிக்காமல் கிடக்கும் கையேட்டில் இருக்கிறது.