மலையும் நீலப்புகையும்: ஆயில் குடிக்கும் கார் குறித்த தருக்க ஆராய்ச்சி

நல்ல நிலையில் உள்ள இன்ஜினும் சிறிது ஆயில் குடிக்கும். சிலிண்டர் சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தப் படலத்தில் ஒரு பங்கு எரிந்துபோவது இயல்பு. ஆகவே ஆராய்ச்சிக்குரியது குடித்தல் அன்று, மிகைக்குடி. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று எழுதும் கையேடுகள் உண்டு. ஒரு லிட்டர் வரை பெருந்தன்மை காட்டுவனவும் உண்டு. கார் வைத்திருப்பவர்களின் மரபில் இந்த வரையறைக்கு இடமில்லை. இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு நடுவே டப்பாவைத் திறக்க நேர்ந்தாலே நோய்தான்.

இந்நோயை ஆராய்வதற்கான கருவி தமிழில் முன்பே இருக்கிறது. மலையில் புகை கண்டு அங்கே நெருப்பு உண்டெனத் துணிவது இந்தியத் தருக்க நூல்களில் தேய்ந்துபோன உதாரணம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தருக்கம் உரைக்கும் இடத்திலும் அது வருகிறது. காரணம் காட்டுவதில் நேரும் பிழைகளாக அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றை அந்நூல் பிரிக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதையில் இம்மூன்றுக்கும் உதாரணம் கிடைக்கும்.

அசித்தம் என்பது காரணமே நிறுவப்படாத நிலை. வெள்ளிமலையில் வண்டியைச் சரிவில் நிறுத்தி ஆயில் கேஜை உருவிப் பார்ப்பவர் இதற்குச் சான்று. சம்ப்பில் உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்க, குச்சி குறைவு என்கிறது. அவர் அரை லிட்டர் ஊற்றுகிறார். அளவு மீறிய ஆயிலில் கிராங்க் புரண்டு நுரை கிளப்ப, மிகுதி பிரீதர் குழாய் வழியே இன்டேக்குக்குப் போய் எரிகிறது. இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்தே நோயை உண்டாக்கிவிட்டது. எனவே சமதரையில், இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். மேல் கோடு வரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, 1000 கிலோமீட்டர் கழித்து மறுபடி மேல் கோட்டைத் தொட எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளக்க வேண்டும். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவைப்பதும் ஆராய்ச்சியில் சேரும். டேப்பட் கவர் பேக்கிங், கிராங்க் ஆயில் சீல், டிரெயின் நட் ஆகியவற்றில் கசிந்து போவதைக் குடியில் சேர்த்து எழுதுவது அவதூறு.

விருத்தம், காட்டிய காரணம் எதிர்மாறானதை நிறுவுவது. ஆயில் குறையவே இல்லை, கொஞ்சம் ஏறியும் இருக்கிறது என்று மகிழ்கிறவர் இவ்வகையினர். 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பி.எஸ்.-6 விதிக்குட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி தன்னைத் தானே சூடாக்கி எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். குறுகிய ஓட்டங்களில் அது பாதியில் நின்றால் டீசல் ஆயிலில் கலந்து மட்டம் உயர்கிறது. ஆயில் மூடியின் உட்புறம் பாலேடு போல வெளுத்திருந்தால் கலந்தது தண்ணீர். ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

அநைகாந்திகமே பெரும்பொருள். ஒரே அடையாளம் பல காரணங்களுக்குப் பொதுவாக நிற்பது அது. கறுப்புப் புகை எரிபொருள் மிகுதி. வெண்புகை நீராவி, குளிர்காலை மலையில் அது நோயே அன்று. நீலப்புகை எரிந்த ஆயில். இதுவரை கருத்துவேறுபாடு இல்லை. நீலம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் பட்டறைகள் இரு கட்சியாகப் பிரிகின்றன. ரிங் கட்சி உடனே இன்ஜினை இறக்கச் சொல்லும். வால்வு சீல் கட்சி சிறிய தொகை சொல்லும்; ஆனால் அதன் கணிப்பும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. தீர்ப்பு மலைப்பாதையிடம் இருக்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கும் வரை புகை இடைவிடாமல் வந்தால் ரிங் அல்லது போர். பெட்ரோல் காரைக் கியரிலேயே இறக்கும்போது த்ராட்டில் மூடி இன்டேக்கில் வெற்றிடம் மிகுகிறது. தேய்ந்த வால்வு சீல் வழியே அது ஆயிலை உறிஞ்சிச் சேர்க்கிறது. அடிவாரத்தில் மறுபடி மிதிக்கும் கணத்தில் குப்பென்று நீலம் கிளம்பி அடங்கினால் குற்றவாளி சீல். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் மட்டும் புகைவிட்டாலும் அதுவே. டீசலில் இப்படி மூடும் த்ராட்டில் பெரும்பாலும் இல்லை என்பதால் இறக்கச் சோதனை அங்கே செல்லாது. ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்றும், டர்போவின் காற்றுக் குழாயில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தன் சைலன்சரை ஓட்டுநர் தானே நேராகக் காண இயலாது. ஆகவே காட்சி அளவை விழுந்து உரை அளவை, அதாவது பின்னால் வரும் பேருந்து ஓட்டுநரின் சாட்சியம், முதலிடம் பெறுகிறது. ஹாரனோடு சேர்ந்து வரும் அச்சாட்சியத்தில் பொருளைப் பிரித்தெடுப்பது தனிப் பயிற்சி. கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் நாளில் அடிவாரச் சோதனையைத் தவிர்ப்பது புலமைக்கு அழகு.

ஸ்பேனரை எடுக்குமுன் பார்க்க வேண்டியது, விலை குறைந்த பி.சி.வி. வால்வு. அது அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் ஏறி, நல்ல இன்ஜினும் நோயாளி வேடம் போடும். அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியே சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்க, அழுத்தம் ஏறினால் ரிங் அல்லது போர் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு உட்காரும் இடத்தில் அல்லது ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு. கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஆயில் போனால், ஆயில் ரிங் கரி பிடித்து அசையாமல் ஒட்டியிருக்கலாம், அல்லது சீல்.

சீலை மாற்ற ஹெட்டை இறக்க வேண்டும் என்பதில்லை. பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்து மாற்றும் கைத்திறன் உண்டு. ஒட்டிய ரிங்கை, பிளக் துளையில் கரைப்பான் ஊற்றி ஊறவைத்து விடுவிக்க முயலலாம். போர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட வேண்டும். போரை ஹோனிங் செய்யாமல் ரிங் மட்டும் மாற்றுவதும், ரிங்குகளின் வாய்களை ஒரே நேர்க்கோட்டில் வைத்து மாட்டுவதும் செலவை இருமுறை செய்விக்கும் வழிகள்.

கனமான ஆயில் ஊற்றுவது பழைய இன்ஜினில் சிறிது காலம் குடியைத் தணிக்கும். மெல்லிய ஆயிலுக்கென வடிவமைத்த புதிய இன்ஜினில் அது மேலேறத் தாமதித்துக் கேடு செய்யும். மிகப் பழைய காரில் மேற்சொன்ன வேலையின் தொகை வண்டி விலையை எட்டினால், டிக்கியில் ஒரு டப்பா வைத்து ஓட்டுவதே சித்தாந்தம். ஆனால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள காருக்கு இது பொருந்தாது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அதைப் பாழாக்கும்.

புதிய ரிங் போட்ட இன்ஜினும் படியும் வரை கொஞ்சம் குடிக்கும். அதுவரை அளவுக் கணக்கு செல்லாது. 1000 கிலோமீட்டர் சோதனையை அதன் பிறகு புதிதாகத் தொடங்க வேண்டும்.