கேளுங்கள் சொல்கிறேன்: வான் கோ கடிதங்கள்

கே: வான் கோ ஓவியர்தானே? அவர் கடிதங்களைக் கணினியில் ஏற்ற ஏன் இத்தனை தடபுடல்? (தேனி வாசகர்)

ப: ஓவியர் மட்டுமா? ஸோலா, டிக்கன்ஸ், மிஷ்லே என்று எழுத்தாளர்களைப் படித்துத் தள்ளிய மனிதர் ஐயா! டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் எழுதினார். அவர் எழுதியதில் 819 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன; அவருக்கு வந்ததில் வெறும் 83. தம்பி தியோ எடுத்துவைக்கும் ரகம், அண்ணன் தொலைக்கும் ரகம்!

கே: ஸ்கேன் செய்தால் வேலை முடிந்ததே? (கரூர் வாசகர்)

ப: ஸ்கேன் செய்தால் படம்தான் வரும். அதற்குள் ‘சூரியகாந்தி’யைத் தேடிப் பாருங்கள், தெரியும் சேதி! எழுத்தெழுத்தாகப் படித்து, அடித்தல் திருத்தலையும் பதிந்து, மொழிபெயர்த்து, குறிப்பு எழுத வேண்டும். வான் கோ அருங்காட்சியகமும் ஹைகன்ஸ் ஆய்வு நிறுவனமும் 1994இல் கைவைத்த வேலை, 2009இல்தான் முடிந்தது.

கே: தேதியில்லாத கடிதங்களை எப்படி வரிசைப்படுத்தினார்கள்? (சிவகாசி வாசகி)

ப: துப்பறிந்துதான். தியோ அனுப்பிய பணம் எப்போது வந்தது, தாள் எந்த வகை என்று பார்த்தார்கள். மழை, பனி என்று எழுதியிருந்தால் வானிலைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். வான் கோ போட மறந்த தேதியை வானம் போட்டு வைத்திருந்தது!

கே: இதனால் யாருக்கு என்ன லாபம்? (ஆம்பூர் வாசகர்)

ப: ஓவியத்தை ஆராய்பவர்களுக்கு லாபம். 1888 அக்டோபரில், ஆர்ல் ஊரில் வான் கோ தன் படுக்கையறையை வரைந்தார். அந்த ஓவியத்தில் சுவர் இன்று நீலம். தியோவுக்கு எழுதிய கடிதத்திலோ அது இளம் ஊதா! சிவப்புச் சாயம் காலப்போக்கில் வெளுத்துவிட்டது. ஓவியம் மறந்த நிறத்தைக் கடிதம் மறக்கவில்லை.

கே: படிக்கக் காசு கட்ட வேண்டுமா? (மன்னார்குடி வாசகி)

ப: அச்சில் ஆறு தடித்த தொகுதிகள், வாங்கப் பர்ஸ் வேண்டும், தூக்கத் தோள் வேண்டும். இணையத்தில் கடிதத்தின் படம், மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, குறிப்பு எல்லாம் தம்படி செலவில்லாமல். அறிவு அப்படித்தான் கிடைக்க வேண்டும்!

கே: பெருமை கணினிக்கா, ஆய்வாளர்களுக்கா? (நாகை வாசகர்)

ப: முதல் கும்பிடு யோவுக்கு. 1891இல் கணவர் தியோ இறந்தபோது அவருக்கு வயது 28, இடுப்பில் ஒரு குழந்தை. வான் கோ தியோவுக்கு எழுதிய கடிதங்களைப் படித்து, வரிசைப்படுத்தி, 1914இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அந்தப் பெண் காப்பாற்றாவிட்டால், கணினி எதை ஐயா ஏற்றியிருக்கும்?